கைராசிக் காசு

புத்தூர்,
9.2.1986

அன்புள்ள மகன் தேவராசாவுக்கு அம்மா எழுதுவது,

நகுலேசுவரப் பெருமான் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சோற்றுக்கும் உடம்புக்கும் குறையில்லாமல் இருக்கிறோம். கோபத்துக்கும் குறையில்லை. நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, தேகசுகத்தோடு இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி குணம்தான் எழுதுகிறாள். பட்டம் வாங்கிய பிள்ளை ஆனபடியால் என் வாயில் வருவதையெல்லாம் எழுத மாட்டாளாம், இதற்குள் இரண்டு தரம் பேனையை மூடிவிட்டாள். மணியண்ணையை அவர் என்றுதான் எழுதுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எழுத்தில் அவர் என்றே இருக்கட்டும். நீ வாசிக்கும்போது அவன் என்று வாசி.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ரயில் ஓடுகிற நாளும் ஓடாத நாளுமாக இருப்பதால் தபால் கொழும்பில் தேங்கிக் கிடந்து வருகிறது, ஆகவே இந்தக் கடிதத்தைக் கொழும்புக்குப் போகிற ஆள் ஒருவரிடம் கொடுத்து அங்கே போடச் சொல்லப்போகிறேன், இது உனக்குச் சுணங்காமல் கிடைக்க வேண்டும். வைகாசியில் உனக்கு லீவு கிடைத்துவிட்டது, நேரே திருச்சிக்கு வந்து எங்களைச் சந்தித்து அப்பாவை மதுரைக் கண் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று நீ எழுதியதை அப்பா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அது மட்டும் சந்தோசம். பிறகு கடைசிப் பக்கத்தில் செல்வரட்ணத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைக் குணம் வாசிக்க எனக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. உன் பவுணை லண்டனில் அவன் கையில் கொடுத்தால் திருச்சியில் அவனுடைய ஆள் இந்திய ரூபாயாகக் கொண்டுவந்து தருவானாம், ஒரு சதம் கூலி இல்லையாம், வங்கிக்குப் போய் வரிசையில் நிற்கத் தேவையில்லையாம். செல்வரட்ணம் யார் என்று உனக்கு மறந்துபோய்விட்டதா? மணியண்ணையின் பெண்சாதி செல்வநாயகியின் கூடப்பிறந்தவன். திருச்சியில் அவனுடைய ஆள் என்றால் அது மணியண்ணையின் ஆள். கொடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றால் இந்தக் கடிதத்தைக் கண்ட கையோடு போய்த் திருப்பி வாங்கு. தராவிட்டால் அவன் வாசலில் போய் நில். வெட்கப்படாதே. நாங்கள் ஒரு தரம் வெட்கப்பட்டதுக்கு அப்பாவின் இடது கண்ணைக் கொடுத்தோம்.

அந்தக் கதையை உனக்கு இதுவரை முழுதாக எழுதவில்லை. படிக்கிற பிள்ளையின் மனம் குழம்பக்கூடாது என்று அப்பா தடுத்துவிட்டார். காசு போதாமல் போய்விட்டது, ஒரு கண்தான் செய்தோம் என்று மட்டும் எழுதினோம். ஏன் போதாமல் போனது என்று இப்போது கேள். முந்தின மார்கழியில் திருவாதிரைக்குச் சிதம்பரம் போய், அப்படியே மதுரையில் அப்பாவின் இரண்டு கண்ணிலும் விழுந்திருந்த வெள்ளையை எடுப்பிக்கலாம் என்று மணியண்ணையின் யாத்திரைக் கூட்டத்தோடு போனோம். என் பெரியம்மாவின் மகன், நான் தவழ்ந்த நாளிலிருந்து அண்ணை என்று கூப்பிட்ட ஆள், வருசா வருசம் சனத்தைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போய் வருகிறவர், நாங்கள் வேறு யாரை நம்புவது? அந்தப் போக வெங்காயம் விற்ற காசும் என் இரண்டு காப்பும்தான் கண்ணுக்கென்று சேர்த்தது. புறப்பட முன்னம் அவர் எல்லோரையும் மருதனார்மடத்து ஆஞ்சநேயர் முன்னால் வரச் சொன்னார். வெற்றிலைத் தட்டம் ஒன்று பிடித்துக்கொண்டு நின்றார். சிதம்பரத்துக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த நேர்த்திக்காசையும், வழிச்செலவுக் காசையும், கண்ணுக்கென்று வைத்த காசையும் ஒரே வெற்றிலையில் வைத்துத் தரச் சொன்னார். உனக்குத் தெரியும், எங்கள் சனத்துக்கு நேர்த்திக்காசு என்றால் நெருப்பு. அதோடு சேர்ந்துவிட்ட காசை மறுபடி எண்ணக்கூடாது, கணக்குக் கேட்கக்கூடாது. அப்பா கடைக்காரனிடம் ஒரு சதத்துக்கும் கணக்குப் பார்க்கிற மனுசன், அவரும் கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். அதுதான் நாங்கள் விட்ட பிழை. சாமிக்குரியதையும் ஆசுப்பத்திரிக்குரியதையும் ஒரே வெற்றிலையில் வைத்தோம்.

பிறகு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு காசு கழிந்தது. கொழும்பில் வங்கியில் டொலர் வாங்கி அந்தக் கணக்கை எங்கள் கடவுச்சீட்டுகளில் பதிந்து எடுத்ததுக்கு முத்திரைக் காசு. திருச்சியில் விமானத்தால் இறங்கியதும் சுங்கத்துக் கைக்காசு. டொலரை ரூபாயாக மாற்றியதுக்கு மாத்துக் கூலி. எல்லாம் முடிந்து கடைசியில் கைராசிக் காசு. அது என்னவென்று நான் வாய் திறந்து கேட்டேன். என்ரை கை ராசியான கை தங்கச்சி, என்னோடை வந்த ஒருத்தரும் வழியிலை மறிபட்டதில்லை, அதுக்கு வைக்கிறது, உதுகளுக்குக் கணக்குக் கேக்கப்படாது, சாமிக் காசு எண்டு சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டேன். மதுரையில் வலது கண்ணைச் செய்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று அப்பா என் மூக்குத்தியைப் பார்த்து, இதென்ன இவ்வளவு மங்கிப்போச்சு, புளி போட்டு மினுக்கன் எண்டு சொல்லிச் சிரித்தார். மற்றக் கண்ணுக்குக் காசு இல்லை. டொக்டர் சொன்னார், கனகாலம் விடவேண்டாம், உள்ளே அழுத்தம் ஏறினால் பிறகு வெட்டியும் பிரயோசனம் இல்லை, அடுத்த வருசம் முடிவதற்குள் எப்படியும் வந்துவிடுங்கள் என்று. நான் லொட்ஜுக்கு ஓடிவந்து மணியண்ணையின் காலில் விழாத குறையாகக் கடன் கேட்டேன். வெங்காயம் கிண்டித் தந்துவிடுவோம் என்றேன். அவர் பல்லுக் குத்திக்கொண்டு சொன்னதை இன்றைக்கும் மறக்கமாட்டேன். என்ரை கையிலை ஒரு சதமில்லைத் தங்கச்சி, வெங்காயம் கிண்ட ஒரு கண் காணும்தானே எண்டார். அன்று பின்னேரம் கக்கத்தில் ஒரு காஞ்சிபுரச் சேலைப் பெட்டியோடு படியேறி வந்தார்.

இப்போது அப்பாவை நீ பார்த்தால் உனக்குச் சொல்லாமலே விளங்கும். தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் கை நீட்டுவார், கை கோப்பைக்கு இந்தப் பக்கத்திலேயே மூடிக்கொள்ளும். பிறகு ஒன்றும் நடக்காதது போல நெஞ்சைத் தடவுவார். வாசல் நிலையில் இடது தோள் அடிபட்டு அந்த இடம் தழும்பாகிவிட்டது. வெங்காயத்துக்குத் தண்ணீரைப் பாத்தி மாற்றிவிடும்போது மண்வெட்டி வரம்பை விட்டு விலகிக் கால்விரலுக்குக் கிட்ட விழுகிறது. நான் காணாத மாதிரி இருப்பேன். கண்டேன் என்று தெரிந்தால் அவருக்கு அவமானம். ஒவ்வொரு தரமும் அந்தப் பல்லுக்குத்தின குச்சியை நினைப்பேன். குணம், இதை அப்படியே எழுது.

அந்த நேரம் அவர் கள்ளன் என்று எனக்குத் தெரியாது. கல்நெஞ்சன் என்று மட்டும்தான் நினைத்தேன். போன ஆனியில் மேலைவீட்டுச் சின்னாச்சியும் வேறு மூன்று பெண்டுகளும் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போகவேண்டும், நீ ஒரு தரம் போய் வந்தவள்தானே, வழி காட்டு, உன் செலவை நாங்கள் பங்கிடுகிறோம் என்று நின்றார்கள். குணத்துக்கும் சோதினை முடிந்திருந்தது, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். உன் தங்கச்சியைத் தெரியும்தானே, முன்பின் தெரியாத ஆளிடம் நேரம் கேட்கவும் நா எழாது. ஆனால் கண் மட்டும் சும்மா இராது. திருச்சி வங்கியில் காத்திருக்கிறவர்களுக்குப் போட்ட வாங்கில் நாங்கள் இருக்க, அவள் சுவரோடு சுவராக நின்று அங்கே தொங்கிய பலகை முழுவதையும் வாசித்தாள். வந்து என் காதுக்குள் சொன்னாள், அம்மா, இங்கை மாத்திறதுக்கு ஒரேயொரு சின்னக் கூலிதான், அதுவும் ஒரு தரத்துக்கு ஒருக்கா, கொழும்பிலை டொலர் பதியேக்கையும் முத்திரைக் காசு எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு. விமான நிலையத்தில் இறங்கினபோதே சுங்கப் பலகையையும் வாசித்திருந்தாளாம். கைக்காசு எண்டும் ஒண்டும் இல்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாங்கில் இருந்து சிரிக்கிறேன், சின்னாச்சி எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று திருநீற்றைத் தேடுகிறாள். சிரித்து முடிய, என் புருசனின் கண் எங்கே போனது என்று விளங்கியது. அன்றைக்கே நேர்ந்தேன். காசும் வேண்டாம், பூவும் வேண்டாம், மணியண்ணையின் வாயாலேயே மணியண்ணையை அடைக்க வேண்டும் என்று நடராசப் பெருமானிடம் கேட்டேன். சாமியிடம் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று குணம் கேட்டாள். கேட்டாயிற்று.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இன்னொரு சங்கதி இருக்கிறது, அதைக் கடைசியில்தான் சொல்வேன், முதலில் சொன்னால் மிச்சத்தை நீ கவனமாக வாசிக்க மாட்டாய். உன் பவுணைக் காசாகக் கொண்டுவராதே. லண்டனில் வங்கியில் பயணக் காசோலையாக வாங்கு. வாங்கும்போது அவர்கள் கொஞ்சம் கூலி எடுப்பார்கள். அது எழுதி வைத்து எடுக்கிற கூலி, அதைக் கொடுக்கலாம், எழுதாமல் எடுக்கிற கூலிதான் களவு. இரண்டு மூன்று வங்கியில் கேட்டுப்பார், ஒரு இடத்தில் கூட, ஒரு இடத்தில் குறைய இருக்குமாம். வாங்கின இடத்திலேயே ஒவ்வொரு காசோலையிலும் ஒரு கையெழுத்து வைப்பாய், மற்றக் கையெழுத்தைத் திருச்சியில் காசாளரின் முகத்துக்கு முன்னால் மட்டும் வை. வழியில் யார் என்ன சொன்னாலும் முன்கூட்டி வைக்காதே, வைத்தால் அது யார் கையிலும் காசு. காசோலை இலக்கங்களை ஒரு கடதாசியில் எழுதி வேறு பையில் வை, இன்னொரு கடதாசியில் எழுதி எங்களுக்கு அனுப்பு, தொலைந்தால் அந்த இலக்கத்தைக் காட்டித் திருப்பி எடுக்கலாம் என்று குணம் வாசித்தாள். காசோலை தொலைந்தால் திரும்பி வரும், மணியண்ணையிடம் கொடுத்த காசு திரும்பி வராது.

மதுரைச் செலவுக்கென்று பெரிய காசோலைகளும், கடைசி நாட்களுக்கென்று சிறியது சிலதும் வைத்துக்கொள். கடைசியில் கொஞ்ச ரூபாய் தேவைப்பட்டு ஒரு பெரிய காசோலையை உடைத்தால் மிச்சத்தை மறுபடி பவுணாக மாற்ற இன்னொரு கூலி போகும். வங்கியில் ஒவ்வொரு தரத்துக்கும் கூலி எடுப்பதால் நாளொரு துளியாக மாற்றாதே, கணக்குப் பார்த்து ஒரே தரத்தில் மாற்று. விமான நிலையத்தில் கார்க் கூலிக்கு மட்டும் மாற்று, அங்கே விலை குறைவு. மாற்றும்போது தருகிற துண்டை எறிந்துவிடாதே, திரும்பிப் போகும்போது மிஞ்சின ரூபாயை அந்தத் துண்டு இல்லாமல் மாற்றித் தரமாட்டார்கள். சின்னாச்சி தன் துண்டில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சுற்றிவிட்டு, மிஞ்சின காசுக்கெல்லாம் மல்லிகைப் பூவும் பித்தளைக் குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு வந்தாள், பூ கொழும்பில் இறங்க முன்னமே வாடிப்போனது. வங்கியில் தருகிற நோட்டுக் கட்டை நடுவில் கம்பி குத்தித் தருவார்கள். கம்பியைக் கழற்றி, அங்கேயே நின்று, ஒவ்வொன்றாக எண்ணு. பின்னால் நிற்கிறவன் முறுமுறுத்தால் முறுமுறுக்கட்டும். கிழிந்த நோட்டு இருந்தால் அப்போதே கொடுத்து மாற்று, கடையில் எடுக்கமாட்டார்கள். லொட்ஜ் படிக்குக் கீழே ஒருவன் நிற்பான், வங்கியை விட விலை கூடத் தருவேன் சார் என்பான். அவன் நோட்டை மடித்து வைத்து எண்ணுவான், ஒரு நோட்டு இரண்டாக எண்ணுப்படும், நீ அறைக்குப் போய்ப் பார்க்கும்போதுதான் தெரியும். எங்களோடு வந்த ஒருவர் இப்படி அகப்பட்டு அந்தப் பயணம் முழுக்க இட்லி மட்டும் தின்றார். திரும்பிப் போகிற அன்று விமான நிலையத்தில் கட்டுகிற வரிக் காசை முதல் நாளே எடுத்து வேறாக முடிந்து வை. காசோலைகளுக்கு இடுப்பில் கட்டுகிற சாறத்தின் உள்பக்கம் வைக்கிற மாதிரி ஒரு துணிப்பை தைத்து அனுப்புகிறேன். அதை நித்திரையிலும் கழற்றாதே. யாராவது ஊரவர் விமானத்தில் பக்கத்தில் இருந்து தம்பி எவ்வளவு கொண்டு போறீர் என்று கேட்டால், கடன் வாங்கித்தான் வாறன் என்று சொல். காசு இருக்கிறவனைவிடக் கடன்காரனை எங்கள் சனம் விட்டுவிலகி இருக்கும்.

இனி மற்றச் சங்கதி. சின்னாச்சி ஊரெல்லாம் போய்ச் சொன்னதில், இந்த மீனாம்பிகையோடு போனால் முத்திரையும் இல்லை கைராசியும் இல்லை, பலகையில் உள்ளதுதான் என்று பேர் வந்துவிட்டது. ஐப்பசியில் இன்னொரு கூட்டம் கூட்டிப்போனேன். ஆனையிறவைத் தாண்டித் தெற்கே பயமில்லாமல் போகத் தெரியாமல் இருந்தவள், இப்போது கொழும்பில் தூதரக வரிசையில் ஆட்களை நிரைப்படுத்துகிறேன். மணியண்ணையின் கூட்டம் கரைந்து போனது. கரைந்த காசை ஈடுகட்ட அவர் கார்த்திகையில் தன்னோடு வந்த ஆச்சிமாரின் பைகளுக்குள்ளே அவர்களுக்குத் தெரியாமல் கராம்பு வைத்துத் தைத்துக் கொண்டுபோனார். திருச்சிச் சுங்கத்தில் மணந்துவிட்டது. கராம்பைப் பறித்து, அவரை அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பி, கடவுச்சீட்டிலும் குறித்துவிட்டார்கள். இப்போது அவருக்கு விசா இல்லை. ஆனால் மகளுக்கு வைகாசியில் திருச்சியில் கலியாணம், மாப்பிள்ளை கனடாவிலிருந்து வருகிறார், செல்வநாயகி மச்சாளும் பெட்டையும் இதுவரை வழி தெரியாதவர்கள், கூட்டிப்போக ஆள் வேண்டும். ஊரில் கூட்டிப்போகிற ஆள் யார்? தை பிறந்து சில நாளில் எங்கள் படலையில் வந்து நின்றார். மடித்த சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு, மீனாம்பிகை, நீயொருக்கா இதுகளைக் கூட்டிக்கொண்டு போ தங்கச்சி, நீ கேட்டதைத் தாறன் எண்டார். நான் ஒரு வார்த்தை தடிப்பாகக் கதைக்கவில்லை. ஓம் அண்ணை, உங்கடை பிள்ளை என்ரை பிள்ளையெல்லோ, ஆனால் காசை மட்டும் நீங்கள் பழக்கின முறைப்படி மருதனார்மடத்திலை வைச்சுத் தாங்கோ எண்டேன். தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தேன். சீனி போடவில்லை.

போன வெள்ளிக்கிழமை அது நடந்தது. என்னோடு வைகாசியில் வருகிற மற்றவர்களையும் வரச் சொன்னேன், அதோடு அவரோடு முந்திப் போய் வந்த பழைய ஆட்களுக்கும், திருநீறு வாங்க வாருங்கோ என்று சொல்லிவிட்டேன். ஊரெழுத் தம்பிராசா முன்வரிசையில் வந்து நின்றார், மடித்த நோட்டில் அகப்பட்டு இட்லி தின்றவர் அவர்தான். ஐயர் தீபம் காட்டி முடிய நான் வெற்றிலைத் தட்டத்தைப் பிடித்தேன். முதலில் கலியாணச் செலவையும் பயணச் செலவையும் வேறாக வாங்கி, எண்ணி, குணத்தைக் கொண்டு துண்டு எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சதம் தொட்டால் என் கை அழுகிப்போகும், பெட்டை எனக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. அதுக்குப் பிறகு, இனி வெற்றிலைக் காசு அண்ணை, முத்திரைக் காசு வையுங்கோ எண்டேன். முழுசிப் பார்த்தார். வைத்தார். சுங்கத்துக் கைக்காசு வையுங்கோ எண்டேன். நெற்றி வேர்த்தது. வைத்தார். மாத்துக் கூலி எண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தார். பிறகு கைராசிக் காசு எண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. உதென்ன காசடி, உப்பிடியொரு காசு எங்கை இருக்கு எண்டு கத்திவிட்டார். நான் குரலை உயர்த்தவில்லை. நீங்கள் எங்களிட்டை வாங்கினதுதானே அண்ணை, அப்ப அது இல்லாத காசோ எண்டு கேட்டேன். தம்பிராசா தொண்டையைச் செருமினார். ஓம் மணியம், எங்களிட்டையும் வாங்கினனீ, உண்டோ இல்லையோ எண்டு ஒருக்காச் சொல்லன், சனம் அறியட்டும் எண்டார். பின்னால் நின்றவர்களும் சொல்லன், சொல்லன் எண்டு நெருங்கி வந்தார்கள். இல்லை என்றால் இத்தனை வருசமும் தின்றதை எல்லோருக்கும் கக்கவேண்டும். உண்டு என்றால் எனக்கு வைக்கவேண்டும். வாய் திறந்தபடி நின்றார். பல்லுக்குள் நாக்கு அசைந்தது, குச்சி மட்டும் இல்லை. கடைசியில், உண்டு, உண்டு எண்டு முணுமுணுத்துக்கொண்டு மடியை அவிழ்த்தார். தனக்கென்று ஒரு ராசியும் இல்லாத ஆளிடமிருந்து கைராசிக் காசு வாங்கினேன், தம்பி. வாங்கினதோடு விடவில்லை. வெற்றிலையில் வைத்த காசை எண்ணக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரின் மூக்குக்கு முன்னால், விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒரு கிழிந்த நோட்டு இருந்தது. அதையும் மாற்றித் தரச் சொல்லி வாங்கினேன்.

அந்தக் காசில் மதுரை ஆசுப்பத்திரிக் கூலி முழுதும் அடங்கும். அப்பாவின் இடது கண்ணுக்கு மணியண்ணை கட்டியாயிற்று. ஆகவே உன் காசு இனி லொட்ஜுக்கும், மருந்துக்கும், கண்ணாடிக்கும், உன் தங்கச்சிக்கு ஒரு சேலைக்கும் போதும், மிச்சத்தை உன் படிப்புக்குத் திருப்பிக் கொண்டு போ. இங்கே கூட்டத்தை இழந்தவர் அங்கே உன் மடியில் கைவைக்கத்தான் செல்வரட்ணத்தை ஏவிவிட்டிருக்கிறார், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். அன்றிரவு சோறு போடும்போது குணம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அம்மா, உங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் எண்டு கேட்டாள். அவர் வாங்கின காசு சேலையாகப் போனது, நான் வாங்கின காசு கண்ணாக வரும் எண்டு சொன்னேன். படித்த பிள்ளை, இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். யோசிக்கட்டும். அப்பா, எண்ணிப் பாத்தனியோ எண்டு மட்டும் கேட்டார். ஓம், அவருக்கு முன்னாலை எண்ணினனான் எண்டேன். எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். துலாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியே நின்று சிரித்ததைக் குணம் கண்டிருக்கிறாள்.

என் வயிறு ஆறிவிட்டது என்று நினைக்காதே, இன்னும் முழுதாக ஆறவில்லை. திருச்சியில் இறங்கின அடுத்த நாள் செல்வநாயகி மச்சாளைக் கையைப் பிடித்து வங்கிக்குக் கூட்டிப்போய், அந்தப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, குணத்தைக் கொண்டு எழுத்தெழுத்தாக வாசிப்பிக்கப்போகிறேன். அந்தச் சேலை எந்தக் காசில் வந்தது என்று அந்த மனுசியும் அறியட்டும். பிறகு மணியண்ணை தன் வீட்டில் சோறு தின்னுகிற நேரமெல்லாம் எதிரில் எல்லாம் தெரிந்த ஒரு ஆள் இருந்துகொண்டு இருக்கும், அது காணும்.

வேறு விசேசம் இல்லை. வெங்காயம் இந்த முறை பரவாயில்லை, குணத்துக்கு இன்னும் வேலைக் கடிதம் வரவில்லை, ஆமிக் காம்புக்குள்ளே இருந்து ஷெல் அடிக்கிற நாட்களில் மட்டும் கீரிமலைப் பக்கம் போவதில்லை. நீ சோறில்லாமல் வெறும் பாணைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நடராசப் பெருமான் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல புத்தியும், கள்ளரைக் கண்டால் அடையாளம் தெரிகிற கண்ணும் தரட்டும்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. திருச்சியில் இறங்கினதும் ஒரு தபால் அட்டை வாங்கி வை. உறை வேண்டாம், அட்டைதான் வேண்டும், அப்போதுதான் மருதனார்மடத்துத் தபால் கந்தோரில் உள்ளவர்கள் எல்லோரும் வாசித்த பிறகு அது அவர் வீட்டுக்குப் போகும். அதில் எழுத வேண்டியதை நான் யோசித்து வைத்திருக்கிறேன். மச்சான் மணியம், உம்முடைய கைராசிக் காசில் என் இடது கண்ணும் தெரிகிறது, இதை அந்தக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறேன். அவ்வளவுதான். குணம் அதை அட்டையில் எழுதமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். பரவாயில்லை. கட்டு அவிழ்த்த அன்றைக்கு அட்டையை அப்பாவின் மடியில் வை, பேனையைக் கையில் கொடு, அவருடைய வலது கண்ணை நான் என் கையால் பொத்திக்கொள்கிறேன். அவர் எழுதுவார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
பொ. மீனாம்பிகை